கேட்காமல் அழித்த தழும்பு

எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர் டச்சப். கடை நெற்றியில் நல்ல பெரிய எழுத்தில் வேறொரு பெயர் எழுதியிருக்கிறது. அதை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. "டச்சப் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் படியேறுவார்கள். கல்யாணமான புதிதில் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இப்போது போனில் யாராவது "டச்சப் கடைங்களா?" என்று கேட்டால், "ஆமாங்க, சொல்லுங்க" என்கிறேன்.

முப்பத்தோரு வருடமாக இவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். படம் பிடிப்பதில் இவரைவிடக் கெட்டிக்காரர்கள் ஊருக்குள் இருந்தார்கள். ஆனால் பிடித்த படத்தைச் சரிசெய்வதில் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முகப்பரு, மரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், முன்னந்தலையில் முடி கொட்டிய இடம் எல்லாம் இவர் கைக்கு வந்தால் காணாமல் போய்விடும். முன்பு ஃபிலிமில் பென்சிலை வைத்துச் செய்தார், பிறகு கம்ப்யூட்டரில் செய்தார். கேட்டுச் செய்கிற பழக்கம் மட்டும் கிடையாது. "கேட்டா கூச்சப்படுவாங்க. செஞ்சு கொடுத்துட்டா சந்தோஷமா வாங்கிட்டுப் போயிடுவாங்க. அழகா இருந்தா யாருக்குக் கசக்கும்?" என்பார்.

எனக்குக் கசந்தது. எனக்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். வரன் பார்க்கிறபோது அப்பா என்னை இந்தக் கடைக்குத்தான் கூட்டிவந்து படம் எடுத்தார். படத்தில் என் பற்கள் சீப்புப் பற்கள் மாதிரி ஒரே வரிசையாக வந்திருந்தன. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். படத்தைப் பார்த்து ஆசையாக வந்த மூன்று வீட்டாரும் நான் நேரில் சிரித்ததைப் பார்த்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். "போட்டோல இருந்தது வேற பொண்ணா?" என்று மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி வாசலிலேயே கேட்டாள். அப்பா கொதித்துப்போய் ஸ்டூடியோவுக்குச் சண்டைக்குப் போனார். இவர், "தப்பு என்னுதுதான். நான் வேணா கட்டிக்கிறேன்" என்றாராம். சண்டைக்குப் போன அப்பா சம்பந்தம் பேசிவிட்டுத் திரும்பினார். இருபத்தேழு வருடமாகக் குடும்பம் நடக்கிறது. இதைச் சொல்லி நாங்கள் சிரிப்பதுண்டு, ஆனால் அந்த அத்தை கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகாவது இவர் திருந்தினாரா என்றால், அதுதான் இல்லை. ஒருமுறை இறந்துபோன ஒருவரின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கேட்டார்கள். இவர் வழக்கம்போல மூக்கோரத்து மருவை எடுத்துவிட்டார். மறுநாள் அந்த அம்மா, அவர் மனைவி, படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "இது யாருன்னே தெரியல. மருவைத் திருப்பிப் போட்டுக் கொடுங்க" என்றார். இவரும் திருப்பிப் போட்டார், பக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டார். மூன்றாம் தடவைதான் அந்த மனிதர் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தார். "துக்கத்துல இருக்காங்க, அதான் அப்படிப் பேசுறாங்க" என்று இவர் என்னிடம் விளக்கம் சொன்னார்.

ஆளாளுக்குக் கையில் போன் வந்ததும் படம் எடுக்க யாரும் கடைக்கு வருவதில்லை. அதற்காக நாங்கள் ஒப்பாரி வைக்கவில்லை. அந்தப் போனே வேறு வேலையைக் கொண்டுவந்தது. வங்கிக் கணக்கா, சிம் கார்டா, வாடகை வீடா, வேலையா, எதற்கும் அடையாள அட்டையைப் படமெடுத்து இணையத்தில் ஏற்று என்றார்கள். ஜனங்கள் வீட்டு டியூப்லைட்டுக்கு அடியில் அட்டையை வைத்துப் படமெடுத்து அனுப்புவார்கள், தெளிவில்லை என்று திரும்பி வரும். மறுபடி அனுப்புவார்கள், வெளிச்சம் பட்டு எழுத்து மறைகிறது என்று வரும். மூன்றாம் முறை கட்டைவிரலும் சேர்ந்து விழுந்திருக்கும். நாலாம் முறைக்கு டச்சப் கடை.

இவர் இந்த வேலையைச் செய்வதைப் பார்க்கவேண்டும். முதலில் அட்டையை உறையிலிருந்து உருவச் சொல்வார். உலர்ந்த துணியால் அட்டையைத் துடைப்பார், துணியின் மறுபக்கத்தால் போன் கேமராவைத் துடைப்பார். "பாதிப் பேருக்குப் படம் மங்கலா வர்றது விரல் எண்ணெயாலதான்" என்பார். வாசலோர மேசையில் கறுப்புத் துணியை விரித்து நடுவில் அட்டையை வைப்பார். ஃபிளாஷ் போடவே மாட்டார், பக்கவாட்டில் வருகிற பகல் வெளிச்சம்தான். அட்டையின் பளபளப்பில் கூரை விளக்கோ இவர் சட்டையோ தெரியக்கூடாது என்பதற்காக ஒரு பழைய கறுப்புக் குடையில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியே போனை வைத்து நேர் மேலிருந்து எடுப்பார். நாலு மூலையும் படத்துக்குள் வரவேண்டும். மழைக்கு ஆகாத அந்தக் குடையைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை, ஆனால் எங்கள் கடையிலிருந்து போன படம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எங்களுக்குப் போட்டியான மூலைக் கடைக்காரனே தன் மாமியார் அட்டையை இங்கேதான் கொண்டுவந்தான்.

அந்தப் பெருமையில்தான் கெட்டோம். படம் எடுத்ததோடு விடவேண்டியதுதானே? ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், அழித்துப் பழகிய கையும் அப்படித்தான். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, அட்டையில் விழுந்த கீறலை எடுப்பார், பிளாஸ்டிக்கில் எழும்பிய கொப்புளத்தை எடுப்பார். "எழுத்தைத் தொடமாட்டேன், நம்பரைத் தொடமாட்டேன். தூசி தட்டுறது ஒரு தப்பா?" என்று கேட்பார். தப்பு என்று நானும் சொன்னதில்லை. மற்றவர்களுக்காகப் படம் ஏற்றுகிற கடை என்று பதிவு செய்து எங்களுக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள், அந்தக் கடை எண்ணைப் போட்டுப் படத்தை இணையத்தில் ஏற்றுகிற வேலை என்னுடையது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளைத் தெருவில் வேன்காரம்மா என்போம். எனக்கு ஏழெட்டு வயது சின்னவள். பதினோரு வருடமாக அதே வேன், அதே பாதை. கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. காலை ஏழே காலுக்கு நான் வாசல் பெருக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுப் போவாள். இடது காதிலிருந்து தாடை வரைக்கும் அவளுக்கு ஒரு தீக்காயத் தழும்பு, தோல் சுருங்கி இழுத்துக்கொண்டிருக்கும். அது எப்படி வந்தது என்று தெருவில் யாருக்கும் தெரியாது, அதனால் ஆளுக்கொரு கதை வைத்திருந்தோம். அடுப்பு வெடித்தது என்றாள் ஒருத்தி. புருஷன் செய்த வேலை என்றாள் இன்னொருத்தி. நான் இரண்டாவது கதையை நம்பினேன். அவளோடு பேசும்போதெல்லாம் முகத்தைப் பார்க்காமல் ஸ்டீரிங்கைப் பார்த்துப் பேசினேன், அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டு.

மாதம் பிறந்து மூன்றாம் தேதி அவள் கடைக்கு வந்தாள். வேன்களை நடத்துகிற கம்பெனி புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தது. ஓட்டுநர்கள் எல்லாரும் லைசென்சைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றவேண்டும், பிறகு போனில் முகத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளவேண்டும். முப்பதாம் தேதிக்குள் முடிக்காதவர்களின் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும்.

"ரெண்டு தடவை நானே எடுத்தேன் அண்ணே. கண்ணாடி மாதிரி மின்னுது, ஒண்ணும் தெரியல. நீங்கதான் காப்பாத்தணும்" என்றாள்.

"குடை இருக்கக் கவலை எதுக்கும்மா?" என்றார் இவர்.

ஐந்து நிமிடத்தில் படம் எடுத்தாயிற்று. முகம் காட்டுகிற வேலையை வேனில் உட்கார்ந்தே முடித்துக்கொள்கிறேன், பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டது என்று அவள் கிளம்பினாள். இவர் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். அட்டையின் பிளாஸ்டிக் சரியாக அவள் படத்துக்கு மேலே மடங்கி, கன்னத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அதை எடுத்தார். கோடு போயிற்று, கை நிற்கவில்லை. காதிலிருந்து தாடை வரைக்கும் நாலு இழுப்பு. கட்டைவிரல் நகத்தளவு முகத்தில் தழும்பு இருந்த சுவடே தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "பாவம், எவ்ளோ லட்சணமா இருந்திருப்பா" என்றேன். அதைச் சொன்ன வாயால், "திருப்பிப் போடுங்க" என்றும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றியதும் நான்தான்.

ஆறாம் தேதி மத்தியானம் அவள் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். இவர் காகிதம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

"அக்கா, திருப்பி அனுப்பிட்டாங்க."

'ஆவணத்தின் படம் ஏற்கப்படவில்லை. மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கலாம்' என்று இருந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும். அட்டையில் இருக்கிற முகத்தையும் அவள் போனில் காட்டிய முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள். ஒன்றில் தழும்பு இருக்கிறது, ஒன்றில் இல்லை. அப்போதே உண்மையைச் சொல்லித் திருத்தாத படத்தை அனுப்பியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். எனக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் கடை எண்ணை முடக்கிவிட்டால் என்ன செய்வது, இத்தனை வருடப் பெயர் என்னாவது என்ற எண்ணம்தான் முந்திக்கொண்டு வந்தது. அட்டையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பவள் போல நடித்தேன்.

"கார்டு ரொம்பப் பழசு. பிளாஸ்டிக் எழும்பியிருக்கு பாரு. இதை வச்சு எத்தனை படம் எடுத்தாலும் ஒத்துக்காது. புது கார்டு வாங்கிட்டு வந்துடு."

"புதுசு வாங்க நாளாகுமே அக்கா."

"அதுக்கு நான் என்ன பண்றது? உன் கார்டு அப்படி."

உன் கார்டு அப்படி. அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவளோ, "சரி அக்கா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். பிசைந்த கை அப்படியே நின்றது.

"என்ன பண்ணி வச்சிருக்க நீ?"

"கடையைக் காப்பாத்தியிருக்கேன்."

"நான் போய்ச் சொல்லிடறேன்."

"தாராளமாச் சொல்லுங்க. சொல்லிட்டு நாளைக்கு ரெண்டு பேரும் கதவைச் சாத்திட்டு உக்காந்திருப்போம். புது கார்டு வந்தா அவளுக்கும் நல்லதுதானே? என்ன குடியா முழுகிப் போச்சு?"

இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். ஆனால் போய்ச் சொல்லவில்லை. அந்த வகையில் அவரும் எனக்குக் கூட்டுதான்.

அவள் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு லைசென்ஸ் அலுவலக வரிசையில் போய் நின்றாள், மத்தியானம் அவர்களை ஏற்ற ஓடி வந்தாள், மறுநாள் திரும்பவும் போய் நின்றாள். ஒரு நாள் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை, ஒரு நாள் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. வேனை மெதுவாக்கி, "இன்னிக்கும் நடக்கல அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவாள். இரண்டு நாள் அந்தச் சிரிப்பைத் தாங்கினேன். மூன்றாம் நாளிலிருந்து ஹாரன் கேட்டதும் துடைப்பத்தோடு உள்ளே போய்விட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது வெறும் பேச்சு இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எங்கள் வாசல் பாதி பெருக்கியும் பெருக்காமலும் கிடந்தது. இவர் அந்த நாட்களில் எந்தப் படத்தையும் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. கீறல் இருந்தால் கீறலோடு அனுப்பச் சொன்னார்.

இருபத்து நாலாம் தேதி புது அட்டை வந்தது. இவர் படமெடுத்தார், நான் ஏற்றினேன். அவ்வளவுதான், முடிந்தது என்று மூச்சு விட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் கடை முன்னால் வேன் வந்து நின்றது. இன்ஜினைக்கூட அணைக்காமல் இறங்கி வந்து, போனில் வந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"'முன்னர் அனுப்பிய ஆவணப் படத்தில் முகப் பகுதி மாற்றப்பட்டுள்ளது. கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. படத்தை ஏற்றிய கடையினரும் விண்ணப்பதாரரும் காணொளி விசாரணையில் விளக்கம் அளிக்க வேண்டும்.' முகத்துல என்ன அக்கா மாத்தினாங்க?"

"அது மெஷின்தானே. எதையாவது உளறும்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

"மெஷின் உளறினா என் வண்டி போயிடுமே அக்கா. இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு."

உள்ளறையிலிருந்து இவர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மெஷின் இல்லம்மா. நான்தான் அழிச்சேன்."

"எதை அண்ணே?"

இவர் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அவள் கையும் தானாகத் தன் கன்னத்துக்குப் போயிற்று. கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தித் தப்பித்திருப்பேன். அவள் புரியாமல் பார்த்தாள்.

"இதையா? எதுக்கு?"

"நல்லா இருக்கட்டும்னு..."

"யாருக்கு நல்லா இருக்கணும் அண்ணே?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தோரு வருடத்தில் எத்தனை முகத்தை அழித்திருப்பார், இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. கூடவே இருந்த நானும் கேட்டதில்லை.

விசாரணை மறுநாள் பதினோரு மணிக்கு என்று வந்தது, கடையிலேயே இருந்து பேசலாம். இவர் காலையிலேயே சவரம் செய்து, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டார். "தெரியாம நடந்துடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்" என்று நான் மூன்று தடவை சொல்லிவைத்தேன். வேன்காரம்மா கால் மணி முன்னதாகவே வந்து, படமெடுக்க வருகிறவர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் எங்கள் நீலத்திரை. நான் கேமராவில் விழாமல் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.

சரிபார்க்கிற இடத்திலிருந்து திரையில் வந்த அதிகாரி சின்னப் பெண். என் மகள் என்று சொல்லிக்கொள்ளலாம், அந்த வயது. காதில் ஹெட்போன், குரலில் கடுமையும் இல்லை, கனிவும் இல்லை.

"இது பதிவாகுது. சரிங்களா? பழைய படத்துல கன்னத்தை மாத்தினது யாரு?"

"நான்தான் மேடம்" என்றார் இவர்.

"அட்டையில ஒரு கோடு இருந்திருக்கு. அதை எடுக்கும்போது தெரியாமப் போயிடுச்சா?"

அந்தப் பெண்ணே கதவைத் திறந்துவிட்டாள். ஆமாம் என்று சொல்லுங்கள், ஆமாம் என்று சொல்லுங்கள் என்று நான் இங்கிருந்து கண்ணைக் காட்டினேன்.

"இல்ல மேடம். தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"அவங்க செய்யச் சொன்னாங்களா?"

"இல்ல. நானும் அவங்களைக் கேக்கல."

அந்தப் பெண் எதையோ தட்டச்சு செய்தாள். பிறகு வேன்காரம்மாவிடம், "நீங்க கேமராவுக்குக் கிட்ட வாங்க. இடது கன்னம் தெரியுற மாதிரி திரும்புங்க. வெளிச்சம் பத்தல" என்றாள். இவர் ஓடிப்போய் ஸ்டூடியோ விளக்கை எடுத்துவந்து பிடித்தார். "இன்னும் கிட்ட. தழும்பு முழுசாத் தெரியணும். காது வரைக்கும். முடியை ஒதுக்குங்க. விளக்கை ஆட்டாதீங்க சார்." இவர் இன்னொரு கையாலும் விளக்கைப் பிடித்துக்கொண்டார். வேன்காரம்மா ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடி, கன்னத்தைக் காட்டிக்கொண்டு இருந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மறைத்து உதவி செய்கிறேன் என்று போய் அவளை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இது எப்போ வந்தது? லைசென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிங்க. பன்னெண்டு வயசுல."

"எப்படி வந்தது?"

"எங்கப்பா லாரி ஓட்டினாரு. ஒரு மேட்டுல வண்டி சூடாகி நின்னுடுச்சு. ரேடியேட்டர் மூடியைத் தொடாதேன்னு சொல்லிட்டுத் தண்ணி எடுக்கப் போனாரு. நான் உதவி பண்றேன்னு திறந்துட்டேன். அவ்ளோதாங்க." கண்ணைத் திறந்து லேசாகச் சிரித்தாள். "நல்லவேளை, கண்ணு தப்பிச்சது. இல்லன்னா வண்டி ஓட்டியிருக்க முடியாது."

"இதைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? உறுதிப்படுத்திக்கத்தான் கேக்கறேன்."

"என் வேன்ல வர்ற புள்ளைங்களைக் கேளுங்க. ஒவ்வொண்ணும் ஏறுற முதல் நாளே கேட்டுடும், இது என்னன்னு. சொல்லிடுவேன். அதுக்கப்புறம் வண்டியில எதையும் நோண்டாது. பெரியவங்கதான் யாரும் கேட்டதில்ல."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பதினோரு வருடமாகக் கண்ணால்கூடப் பார்த்திராத அவள் புருஷனை மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைகள் கேட்ட ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு வாய் இல்லை, கதை கட்ட மட்டும் வாய் இருந்தது.

முடிந்துவிட்டது என்று நினைத்தபோது அந்தப் பெண் மறுபடி திரையைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. ஆறாம் தேதியே படம் வேணாம்னு சொல்லிட்டோம். மூணு நாள்ல நீங்க விளக்கம் கொடுத்திருக்கலாம். கொடுக்காம, பதினெட்டு நாள் கழிச்சு அட்டையையே மாத்திக்கிட்டு வந்திருக்கீங்க. பழசை மறைக்கத்தான் மாத்தினீங்களோன்னு எங்களுக்குச் சந்தேகம். அதான் கணக்கை நிறுத்தினோம். புது அட்டை வாங்கச் சொன்னது யாரு?"

நான் மூன்றடி தூரத்தில் நிற்கிறேன். இரண்டு எட்டு வைத்தால் கேமராவுக்குள் வந்துவிடலாம். வாயைத் திறந்தேன் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். சத்தம் வரவில்லை.

"நான்தான் மேடம் சொன்னேன்" என்றார் இவர்.

வேன்காரம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவளிடம் அதைச் சொன்ன வாய் எது என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு இவர் கடையிலேயே இல்லை என்பதும் தெரியும். நான் மேசையில் கிடந்த விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்படியா? கடைக்காரர்தான் சொன்னாரா?" என்று அந்தப் பெண் அவளைக் கேட்டாள்.

அவள் என்னிடமிருந்து கண்ணை எடுத்துத் திரைப்பக்கம் திரும்பினாள்.

"ஆமாங்க" என்றாள் வேன்காரம்மா. "அண்ணன்தான் சொன்னாரு."

மாலை நாலு மணிக்கு அவளுக்குச் சரிபார்ப்பு முடிந்தது என்று செய்தி வந்தது. வண்டி அவளிடமே இருக்கும். எங்கள் கடை எண்ணை ஆறு மாதத்துக்கு நிறுத்திவிட்டார்கள். எதற்குப் பயந்து நான் பொய் சொன்னேனோ அதுவே நடந்தது. நடுவில் அவள் பதினெட்டு நாள் வரிசையில் நின்றதுதான் மிச்சம். இவர் எண் போனதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. விளக்கை எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவளுக்கு வண்டி கிடைத்ததா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

ஐந்து மணிக்கு, பேசியதையெல்லாம் எழுதிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருந்தார்கள், கடைக்காரர் படித்துப் பார்த்துச் சம்மதம் தெரிவிக்கவேண்டும் என்று. இவருக்குச் சின்ன எழுத்து தெரியாது. நான்தான் படித்தேன். படத்தை மாற்றியவர் கடை உரிமையாளர். அட்டையை மாற்றும்படி தவறாக வழிகாட்டியவரும் அவரே. விண்ணப்பதாரர் இதை உறுதி செய்துள்ளார். இதில் வேறு யாருக்கும் தொடர்பில்லை. ஒரு வரி விடாமல் இரண்டு தடவை படித்தேன். எந்த வரியிலும் நான் இல்லை.

"இதுல ஒண்ணு தப்பா இருக்கு" என்றேன்.

"முழுசாப் படிச்சியா?"

"படிச்சேன்."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. அனுப்பு" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கடைசியில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. 'மேலே கூறியவை அனைத்தும் உண்மை' என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அதில் குறி போட்டு அனுப்பியது நான்தான்.